விரல் வைத்த வரி

சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் லூமுட் படகுத்துறைப் பக்கம் வந்தால் என்னைப் பார்க்கலாம். கையில் ஒரு தே ஓ பொட்டலம், எதிரே பங்கோர் தீவுக்குப் போய் வரும் ஃபெரி. பழைய மாணவர்கள் யாராவது வந்து பக்கத்தில் உட்காருவார்கள். அவர்களுக்கே பேரப்பிள்ளை எடுக்கிற வயது. "வாத்தியாரே, நீங்க எருசலேம் போய் வந்தவராச்சே, அங்க எது நல்லா இருந்துச்சு?" என்று கேட்பார்கள். நான் சொல்லும் பதிலைக் கேட்டுக் கொஞ்சம் ஏமாந்துதான் எழுந்து போவார்கள். ஒரு சுவரில் பதித்திருந்த தமிழ் எழுத்து என்று சொன்னால் யார்தான் ஏமாற மாட்டார்கள்?

நான் சித்தியவான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். எங்கள் காலத்தில் புனிதப் பயணம் என்றால் புக்கிட் மெர்தாஜாம்தான். ஜூலை மாதக் கடைசியில் அன்னம்மாள் திருவிழாவுக்கு அப்பா பஸ்ஸில் கூட்டிப்போவார். மெழுகுவர்த்தி, கூட்டம், இரவெல்லாம் விழிப்பு, திரும்பும்போது கையில் ஒரு பொம்மை. அதற்கு அப்பால் இருந்த எருசலேமும் பெத்லகேமும் எங்களுக்கு மோட்சம் மாதிரி. பெயர் தெரியும், போகிற வழி தெரியாது. வளர்ந்த பிறகு பாஸ்போர்ட் எடுத்தால், இஸ்ரேல் தவிர மற்ற எல்லா நாடுகளுக்கும் செல்லும் என்று அதிலேயே அச்சடித்திருந்தது. சரி, இந்தப் பிறவியில் இல்லை என்று விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் தெரிந்தது, கிறிஸ்தவர்கள் குழுவாக யாத்திரை போவதற்கு உள்துறை அமைச்சிடம் அனுமதி வாங்க முடியும் என்று. 2012-இல் எங்கள் பங்கிலிருந்து ஒரு குழு கிளம்பியது. பணி ஓய்வு பெற்றுவிட்ட எனக்கு அப்போது 63 வயது. முப்பத்தொரு வருடம் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்தவன் சும்மா போவேனா? ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, பார்க்க வேண்டிய இடங்களை எண் போட்டு எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சின்னக் கட்டம். பார்த்து முடித்ததும் சரிக்குறி போட. கடவுள் திருத்துவதற்கு வசதியாக வீட்டுப்பாடம் எழுதினேன் என்று இப்போது சிரிப்பு வருகிறது.

அந்தக் குழுவில் ஓர் அக்கா வந்தார். எழுபதைத் தாண்டியவர். நாற்பது வருடம் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தைச் செம்பனைக்கு மாற்றியபோது லயத்தை விட்டு வெளியேறி, ஒரு தாமானில் சின்ன வீட்டில் இருந்தார். முறுக்கு சுட்டு விற்று ஏழு வருடம் சேர்த்த காசில் வந்திருந்தார். விமான நிலையத்தில் ஃபாதர் என் தோளில் கை வைத்து, "வாத்தியாரே, அக்கா தனியா வர்றாங்க. கொஞ்சம் கூட நடங்க" என்றார். சரி ஃபாதர் என்று வாய் சொன்னது. மனம் நோட்டுப் புத்தகத்தைத்தான் நினைத்தது. அக்காவுக்கு முழங்கால் வலி வேறு.

அம்மானில் இறங்கி முதலில் நேபோ மலைக்குப் போனோம். வாக்களிக்கப்பட்ட நாட்டை மோசே தூரத்திலிருந்து பார்த்துவிட்டு இறந்துபோனதாக விவிலியம் சொல்லும் இடம். நான் படம் எடுத்து, சரிக்குறி போட்டு, பஸ்ஸுக்குத் திரும்பினேன். அக்கா மட்டும் அங்கேயே நின்றார்.

"ஏன் வாத்தியாரே, இம்புட்டுத் தூரம் நடந்து வந்துட்டு மோசே உள்ள போகவே இல்லியா?"

"இல்லக்கா. வாங்க, நேரமாச்சு."

"கூட நடந்தவங்க போயிட்டாங்கல்ல?"

"போனாங்க, போனாங்க."

"அப்பச் சரி" என்று நிம்மதியாக நடந்து வந்தார். எனக்குப் பத்து நிமிடம் போய்விட்டதே என்றிருந்தது.

மறுநாள் யோர்தான் ஆற்றைக் கடந்தோம். ஒரே பாலத்துக்கு இந்தப் பக்கம் மன்னர் ஹுசைன் பெயர், அந்தப் பக்கம் ஆலன்பி பெயர். பேராக் ஆற்றைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு யோர்தான் ஒரு வாய்க்கால்தான். ஆனால் அந்த வாய்க்காலைத் தாண்ட எங்களுக்குப் பாதி நாள் ஆனது. வரிசை, சோதனை, மறுபடி வரிசை. நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துப் புலம்பினேன். அக்கா பையைக் காலடியில் வைத்துக்கொண்டு, "பெரட்டுக்களத்துல விடியக்காலம் நின்னு பழகுன காலு வாத்தியாரே. அங்க கங்காணி பேரு கூப்பிடுவாரு, இங்க இந்தத் தம்பி கூப்பிடுது. கூப்பிடாமலா விட்ருவாங்க?" என்றார்.

கலிலேயாக் கடலைப் பார்த்ததும் எனக்குள் இருந்த லூமுட்டுக்காரன் விழித்துக்கொண்டான். கடல் என்கிறார்கள், அது நன்னீர் ஏரி. நீளம் சுமார் 21 கிலோமீட்டர், அகலம் 13. கடல் மட்டத்துக்கு இருநூறு மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. மதியம் 'பேதுரு மீன்' என்று பெருமையாகக் கொண்டுவந்து வைத்தார்கள். பார்த்தால் நம் திலாப்பியாவின் ஒன்றுவிட்ட தம்பி! பேராக்கில் பழைய ஈயக் குட்டைகளில் வளர்க்கிறார்களே, அதே சாதி. கடல் மீன் தின்று வளர்ந்த நான் முகம் சுளித்தேன். அக்கா முள் மட்டும் மிச்சம் வைத்தார். "பேதுரு பிடிச்சதும் இதான்னா, அவரும் நம்மளாட்டம் ஏழப்பட்டவருதான் போல" என்றார். அந்த வாக்கியத்துக்கு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் இல்லை. அதனால் நான் எழுதிக்கொள்ளவும் இல்லை.

பெத்லகேமில் பிறப்புக் கோயிலின் வாசல் நான்கடி உயரம்தான் இருக்கும். பழைய பெரிய வாசலைக் கல் வைத்து அடைத்துச் சின்னதாக்கியிருக்கிறார்கள். குதிரையிலும் வண்டியிலும் யாரும் உள்ளே நுழைந்துவிடக் கூடாதென்று செய்தார்களாம். தாழ்மையின் வாசல் என்று பெயர். இந்த விவரத்தையெல்லாம் பின்னால் வந்தவர்களுக்குத் திரும்பித் திரும்பி விளக்கிக்கொண்டே நடந்தவன், நெற்றியை நங்கென்று கல்லில் இடித்துக்கொண்டேன். கண்ணில் தெரிந்த நட்சத்திரங்களை எண்ணவில்லை. கீழே குகையில் பதித்திருக்கும் வெள்ளி நட்சத்திரத்துக்குப் பதினான்கு முனை. எனக்குத் தெரிந்தவை அதைவிடக் கூடுதல். அக்கா ஒரு சொல்லும் சொல்லாமல் குனிந்து, நுழைந்து, அந்தப் பக்கம் நிமிர்ந்து நின்றார். அடிமரத்தில் குனிந்து குனிந்து நாற்பது வருடம் உளி பிடித்த முதுகு அது. உள்ளே போனதும் கைக்குட்டையை நனைத்து என் நெற்றியில் வைத்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. எருசலேம் பழைய நகரில் சிலுவைப் பாதை நடந்த அன்றுதான் அந்தத் தப்பைச் செய்தேன். கடைத்தெருவின் நடுவே போகும் குறுகிய சந்து அது. பதினான்கு நிலைகளையும் படம் எடுக்க வேண்டும் என்று எனக்கு வெறி. கூட்டம் நெரித்தது. "அக்கா, பிரிஞ்சு போயிட்டா எங்க கூடணும்னு காலையில குடுத்த தாள்ல இருக்கு, பாத்து வந்துருங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் ஓடினேன். அரைமணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் அக்காவைக் காணோம்.

நெஞ்சு அடித்துக்கொள்ள, வந்த வழியே ஓடினேன். ஒரு மசாலாக் கடையின் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் வயதான அரபுக்காரர். அக்காவுக்கு ஒரு முக்காலி, காலுக்கு ஓர் அட்டைப்பெட்டி, கையில் புதினா போட்ட தேநீர். இவருக்குத் தமிழும் கொஞ்சம் மலாயும் தெரியும், அவருக்கு அரபு. இருவரும் மஞ்சளையும் மிளகையும் கையில் எடுத்து முகர்ந்து, தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் காசை நீட்டினேன். அவர் நெஞ்சில் கை வைத்து மறுத்துவிட்டார். எனக்குப் பயம் கோபமாக மாறியது. "தாளைப் பாத்தீங்களா இல்லியா அக்கா?" என்று அதட்டினேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான் வாத்தியாரே" என்றார்.

பிறகு கல்லறைக் கோயிலுக்குப் போனோம். ஆறு கிறிஸ்தவச் சபைகளுக்கு அங்கே பங்கு உண்டு. வாசலுக்கு மேலே ஜன்னலில் ஒரு மர ஏணி சாய்ந்திருக்கிறது. எல்லாரும் சம்மதிக்காமல் எதையும் நகர்த்தக் கூடாது என்பதால் இருநூறு வருடங்களுக்கு மேலாக அது அங்கேயே நிற்கிறது. ஆனால் அந்தக் கோயில் சாவியைப் பல நூற்றாண்டுகளாக வைத்துக்கொண்டு திறந்து பூட்டுபவர்கள் இரண்டு முஸ்லிம் குடும்பத்தார். வழிகாட்டி இதைச் சொன்னபோது குழுவில் பலர் வியந்தார்கள். எனக்கு வியப்பில்லை. லூமுட்டில் என் வீட்டுச் சாவி அந்த நேரம் பக்கத்து வீட்டு மலாய்க்காரரிடம்தான் இருந்தது. என் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் ஒலிவ மலையில் கர்த்தர் கற்பித்த செபத்தின் கோயிலுக்குப் போனோம். அந்தச் செபத்தை நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் ஓடுகளில் எழுதிச் சுவரெல்லாம் பதித்திருக்கிறார்கள். நான் வேகமாகத் தேடித் தமிழைக் கண்டுபிடித்துவிட்டேன். எத்தனையோ ஆயிரம் மைலுக்கு அப்பால் நம் அ, ஆ. படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்கும்போது அக்கா மெதுவாக வந்து பக்கத்தில் நின்றார்.

"இதா வாத்தியாரே நம்ம எழுத்து?"

கைப்பேசி அப்படியே நின்றது.

"இதுல சாப்பாடு கேக்குற வரி எது?"

ஒன்பது நாள் ஒன்றாக நடந்திருக்கிறேன். ஒவ்வொரு காலையிலும் தாளை நீட்டியிருக்கிறேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியவில்லை. எட்டு வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தி, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வைத்துவிட்டார்களாம். கைப்பையைத் திறந்து காட்டினார். நான் கொடுத்த தாள்கள் அத்தனையும் மடிப்புக் கலையாமல் இருந்தன. "நீங்க குடுத்ததாச்சேன்னு பத்திரமா வச்சிருக்கேன்" என்றார்.

அவர் விரலைப் பிடித்து அந்த வரியில் வைத்தேன். பால் கறை ஏறித் தடித்த விரல். ஒவ்வொரு சொல்லாக நான் வாசிக்க, வாசிக்க, விரல் ஓட்டின்மேல் நகர்ந்தது. ஒருமுறை முடிந்ததும், "இன்னொரு வாட்டி" என்றார். மூன்றாவது முறை என் குரல் சரியாக வரவில்லை. அக்காவே மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு தானே விரலை நகர்த்தினார். பஸ் ஹாரன் அடித்தது. முதல் தடவையாக நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகு ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் மாமரத்தடியில் அக்காவுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தேன். பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. கண் பார்வை மங்கிவிட்டது. ஒற்றுக்கும் உயிர்மெய்க்கும் சண்டை போட்டுக் களைத்துப் போவார். ஆனால் தன் பெயரை எழுதக் கற்றார். செபப் புத்தகத்தில் அந்த ஒரு வரியை மட்டும் எங்கே விரித்தாலும் விரல் வைத்துக் காட்டுவார். நான்கு வருடத்துக்குப் பிறகு இறந்துபோனார்.

நோட்டுப் புத்தகம் இன்னும் அலமாரியில் இருக்கிறது. எல்லாக் கட்டத்திலும் சரிக்குறி இருக்கிறது. ஆனால் எந்தக் கோயிலின் தூண் எப்படி இருந்தது என்று கேட்டால் படத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அரபுக்காரர் கொடுத்த தேநீரின் புதினா வாசம் மட்டும் இன்னும் மூக்கில் இருக்கிறது. நான் அதைக் குடிக்கவே இல்லை.

நீங்கள் எருசலேமுக்குப் போவீர்களோ, புக்கிட் மெர்தாஜாமுக்குப் போவீர்களோ, காசிக்கோ மக்காவுக்கோ போவீர்களோ தெரியாது. எங்கே போனாலும் குழுவில் மெதுவாக நடப்பவர் ஒருவர் இருப்பார். அவர் கூட நடங்கள். கையில் தாளைக் கொடுத்தால், ஒருமுறை வாய்விட்டுப் படித்தும் சொல்லுங்கள்.