பன்னிரண்டு வாரமும் ஒரு மாமியாரும்

1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1930-இல் அவ்வை இல்லத்தைத் தோற்றுவித்து, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழக் காரணமான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் நாமத்தைத் தாங்கிய மகப்பேறு நிதியுதவித் திட்டம், ஏழைத் தாய்மாருக்கு முதலிரு பிரசவங்களுக்கு 18,000 ரூபாய் அளவுக்கு, பெரும்பகுதி ரொக்கமாகவும் எஞ்சியது ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் அளிக்கிறது. ஆனால் பன்னிரண்டு வாரத்துக்குள் செவிலியரிடம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. நம் குடும்பங்களிலோ, மூன்று மாதம் நிறையும்வரை கர்ப்ப சமாசாரத்தை வெளியிடலாகாது என்பது சம்பிரதாயம். மந்தைவெளியில் வீட்டு வேலை செய்து ஜீவிக்கும் பெண்ணொருத்தியை, திருஷ்டி படும் என்று தடுத்த மாமியாரிடம் வாதம் செய்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றவர், தெருத்தெருவாக வரும் மாநகராட்சிச் செவிலியரே. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பெண்ணுக்கு, பதிவின்போது கிடைக்கும் எண் எவ்வூரிலும் செல்லும் என்பதை அவர் பொறுமையாக விளக்கியதைக் கேட்டேன். விளம்பரப் பலகைகளைவிட இத்தகைய சம்பாஷணையே அதிகப் பலன் தருவது என்பது என் அபிப்பிராயம். பெட்டகமும் வந்து சேர்ந்தது. பேரீச்சம்பழமும் சத்து மாவும் மருமகளுக்கு. ஆவின் நெய் மட்டும், திருஷ்டியை மறந்த மாமியாரின் அடுக்களைக்குப் போய்விட்டதாம்.