இறந்தவருக்கு ‘ஹேஸ்’ கிடையாது

ஆங்கில டென்ஸ் என்றாலே பன்னிரண்டு கட்டம் போட்ட அந்த அட்டவணைதான் ஞாபகத்துக்கு வரும். மற்ற கட்டங்களை எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். பிரசன்ட் பெர்ஃபெக்ட் மட்டும் தமிழ்க்காரர்களிடம் தனியாக வம்பு பண்ணும். ரொம்பத் தெரிந்த முகம் மாதிரி இருப்பதுதான் அதன் தொல்லை. ‘வந்திருக்கிறார்’ என்றால் ‘ஹேஸ் கம்’. அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை. காலையில் ஈரத் தரையைப் பார்த்துவிட்டு ‘நேத்து ராத்திரி மழை பெஞ்சிருக்கு’ என்கிறோம். தமிழில் துளியும் உறுத்தாது. ஆங்கிலத்தில் ‘எஸ்டர்டே’ வந்தால் ‘ஹேஸ்’ எழுந்து இடம்விட வேண்டும். நம்மூரில் பலர் ‘ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே’ என்று சொல்வது அறியாமை என்று எனக்குத் தோன்றுவதில்லை. தமிழ் ‘இரு’வை அப்படியே ஆங்கிலத்துக்குள் குடிவைக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதைவிடக் கறாரான விதி ஒன்று உண்டு. மொழியியலாளர்கள் அடிக்கடி காட்டும் உதாரணம்: ‘ஐன்ஸ்டைன் ஹேஸ் விசிட்டட் பிரின்ஸ்டன்.’ அவர் 1955இல் இறந்துவிட்டதால் இந்த வாக்கியம் ஆங்கிலக் காதுக்குப் பிசகாகக் கேட்கிறது. வெறும் ‘விசிட்டட்’ போதும். ஆனால் ஊரை எழுவாயாக்கி, ‘பிரின்ஸ்டனுக்கு ஐன்ஸ்டைன் வந்துபோயிருக்கிறார்’ என்பதைச் செயப்பாட்டு வினையில் திருப்பிப்போட்டால் ‘ஹேஸ்’ மறுபடி செல்லுபடியாகிவிடும். ஊர் இன்னும் இருக்கிறதே! தமிழில் இந்தக் கணக்கே கிடையாது. ‘பாரதி காசியில் படித்திருக்கிறார்’ என்று சாதாரணமாகச் சொல்கிறோம். அவர் 1921இல் போய்விட்ட சேதி அந்த ‘இருக்கிறார்’ காதுக்கு இன்னும் எட்டவில்லை.

நான் மாலையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். நாற்பது வயதை ஒட்டிய ஒரு பெண் வேலைக்கான நேர்காணலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னபோது அவர் எழுதியது: ‘மை ஹஸ்பண்ட் ஹேஸ் பில்ட் திஸ் ஹவுஸ்.’ கணவர் இறந்து இரண்டு வருடம் என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். நான் ‘ஹேஸ்’ஸை அடித்தேன்.

“ஏன் மேடம்? வேல முடிஞ்சாலும் பலன் இருந்தா ஹேஸ் போடலாம்னு நீங்கதானே சொன்னீங்க. வீடு நிக்குதே.”

அவர் கேட்டது சரி. பாடப்புத்தக விதிப்படி அவர் பக்கம்தான் நியாயம். குறுக்கே நிற்பது அந்த இன்னொரு விதி. அதை வகுப்பு நடுவே அவரிடம் எப்படிச் சொல்வது? ‘அவர் இல்லை, அதனால் ஹேஸ் இல்லை’ என்றா? தேதி தெரிந்த பழைய வேலைக்கு சிம்பிள் பாஸ்ட் போதும் என்றேன். அதுவும் உண்மைதான், ஆனால் பாதி உண்மை. கட்டிய வருஷத்தைக் கேட்டேன். 2011 என்றார். ‘மை ஹஸ்பண்ட் பில்ட் திஸ் ஹவுஸ் இன் 2011’ என்று எழுதிக்கொண்டார். எழுதிவிட்டுப் பேனாவை மூடவில்லை.

“அடுத்த வரிய வீட்டப் பத்தி எழுதுங்க. அதுக்கு ஹேஸ் போடலாம்,” என்றேன்.

“வீட்டப் பத்தி என்ன மேடம் எழுத… ஒரு மழைக்குக்கூட ஒழுகினதில்ல.”

“அதையே எழுதுங்க.”

ஒழுகுவதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று பக்கத்தில் இருந்த பையனிடம் கேட்டு, மெதுவாக எழுதினார்: ‘இட் ஹேஸ் நெவர் லீக்ட்.’