இரண்டு நோட்டுப் புத்தகங்களும் ஒரு பியானோ டீச்சரும்

இன்டர்ன்ஷிப் ரிப்போர்ட் எப்படித் தயாராகும் என்பது கல்லூரியில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். கம்பெனி வெப்சைட்டிலிருந்து நாலு பக்கம், சீனியர் கொடுத்த பழைய ஃபைலிலிருந்து இருபது பக்கம், மேலே ஒரு ஸ்பைரல் பைண்டிங். மதிப்பெண் வந்ததும் அது பரணுக்குப் போய்விடும். 1920இல் ஒரு ஜப்பானிய இளைஞர் ஸ்காட்லாந்தில் எழுதிய ரிப்போர்ட் அப்படிப் போகவில்லை. ஒரு நாட்டின் விஸ்கித் தொழிலே அதிலிருந்துதான் பிறந்தது. (விஸ்கியா என்று முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். இது குடிப்பதைப் பற்றியது அல்ல.)

அவர் பெயர் மசதாகா தகெத்சுரு. 1894இல் ஹிரோஷிமா பக்கம் தகெஹாரா என்ற ஊரில், அரிசியிலிருந்து சாகே வடிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். ஒசாகாவில் மது தயாரிப்புத் தொழில்நுட்பம் படித்துவிட்டு செத்சு ஷுசோ என்ற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் ஜப்பானில் விஸ்கி என்று விற்றதெல்லாம் வெறும் ஆல்கஹாலில் நிறமும் வாசனையும் கலந்த சரக்கு. உண்மையான விஸ்கி எப்படிச் செய்கிறார்கள் என்று போய்ப் பார்த்துவிட்டு வா என்று முதலாளி அவரை 1918இல் கப்பல் ஏற்றினார். அமெரிக்கா வழியாகப் போய் அந்த வருடம் டிசம்பரில் பிரிட்டனில் இறங்கினார். முதல் உலகப் போர் முடிந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் வகுப்பு. வகுப்பில் உட்கார்ந்து விஸ்கி வராது என்பது சீக்கிரமே புரிந்துவிட்டது. வடக்கே எல்ஜின் என்ற ஊருக்குப் போய், விஸ்கி தயாரிப்பு பற்றிப் பெரிய புத்தகம் எழுதிய நெட்டில்டன் என்பவரைப் பார்த்தார். அவர் கேட்ட ஃபீஸ் கட்டுப்படியாகவில்லை. ஆகவே நேராக ஆலைக் கதவைத் தட்ட ஆரம்பித்தார். லாங்மார்ன் என்ற ஆலை சரி என்றது. எத்தனை நாள்? ஐந்தே நாள், 1919 ஏப்ரலில்.

அந்த ஐந்து நாளில் அவர் செய்தது எந்த மாணவரும் படிக்க வேண்டிய விஷயம். கேள்வி கேட்டு எழுதிக்கொண்டதோடு நிற்கவில்லை. தொழிலாளிகளே செய்யத் தயங்கும் வேலை ஒன்று உண்டு: விஸ்கி வடிக்கும் பெரிய செம்புக் கொப்பரைக்குள் இறங்கிச் சுத்தம் செய்வது. அதை அவர் தானாகக் கேட்டு வாங்கிச் செய்தார் என்று சொல்வார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அதன் வடிவம் மட்டும்தான் தெரியும். உள்ளே இறங்கினால் அதன் கணக்குத் தெரியும். பிறகு போ'னெஸ் என்ற ஊர் ஆலையில் மூன்று வாரம், 1920இல் கேம்பெல்டவுனில் ஹேசல்பர்ன் ஆலையில் சில மாதங்கள். பார்த்ததையெல்லாம் படம் போட்டு இரண்டு நோட்டுகளில் எழுதினார். அதில் இயந்திரங்கள் மட்டும் இல்லை, அங்கே வேலை செய்தவர்களின் கூலியும் வேலை நேரமும்கூட உண்டு. தொழில்நுட்பம் படிக்கப் போனவர் சம்பளப் பட்டியலையும் குறித்துக்கொண்டு வந்தார் என்பது காமர்ஸ் மாணவர்களுக்கு நிச்சயம் சந்தோஷம் தரும்.

1962இல் ஜப்பான் வந்த பிரிட்டிஷ் அமைச்சர் ஒருவர், ஒரு புத்திசாலி இளைஞர் பேனாவும் நோட்டும் வைத்துக்கொண்டு எங்கள் விஸ்கி ரகசியத்தைத் திருடிப் போய்விட்டார் என்று வேடிக்கையாகச் சொன்னாராம். நல்ல ஜோக். உண்மையில் திருட்டு எதுவும் நடக்கவில்லை. அவர்களே கதவைத் திறந்து காட்டினார்கள். ஜப்பானிலிருந்து ஒரு பையன் வந்து பார்த்துவிட்டுப் போனால் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்திருக்கலாம்.

நோட்டில் எழுதாத இன்னொரு விஷயமும் அங்கே நடந்தது. கிளாஸ்கோ பக்கம் கிர்கின்டிலாக் என்ற ஊரில் கோவன் என்ற டாக்டர் குடும்பம். அந்த வீட்டுப் பெண் ஒருத்தி பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தாள். தன் தம்பிக்கு ஜூடோ சொல்லித்தர முடியுமா என்று தகெத்சுருவைக் கேட்டாள். சொல்லித்தரப் போனவர் மூத்த பெண் ரீட்டாவைப் பார்த்தார். மீதியைச் சொல்ல வேண்டுமா? இரண்டு வீட்டிலும் எதிர்ப்பு. 1920 ஜனவரி 8 அன்று பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம். உனக்காக இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று அவர் சொன்னதாகவும், ஜப்பானில் விஸ்கி செய்வதுதான் உன் கனவு, அங்கே போவோம் என்று ரீட்டா சொன்னதாகவும் கதை. அந்த வருடமே இருவரும் ஜப்பான் வந்து சேர்ந்தார்கள்.

இங்கேதான் சினிமா முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. போருக்குப் பிந்திய பொருளாதார மந்தத்தில் செத்சு ஷுசோ விஸ்கித் திட்டத்தைக் கைவிட்டது. உலகத்தில் வேறு எந்த ஜப்பானியருக்கும் தெரியாத ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தவர் 1922இல் வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார் ஆனார். ரீட்டா இங்கிலீஷும் பியானோவும் சொல்லிக்கொடுத்தார்.

அடுத்த வருடம் ஷின்ஜிரோ டோரி வந்தார். இனிப்பு ஒயின் விற்றுப் பணம் பார்த்திருந்த வியாபாரி. அவருடைய கம்பெனிதான் பிற்காலத்து சன்டோரி. பத்து வருட ஒப்பந்தம், வருடம் 4,000 யென். அன்றைக்கு அது மிகப் பெரிய சம்பளம். ஆனால் முதல் நாளே சண்டை. தகெத்சுரு ஸ்காட்லாந்து மாதிரி குளிர் வேண்டும், ஹொக்காய்டோவுக்குப் போகலாம் என்றார். டோரி, குடிப்பவன் ஒசாகாவில் இருக்கிறான், ஆலையும் இங்கேதான் என்றார். பணம் போடுபவர் பேச்சுதான் நின்றது. கியோட்டோ பக்கம் யமசாகியில் ஆலை எழும்பி 1924இல் வேலை ஆரம்பித்தது.

விஸ்கி வியாபாரத்தின் கஷ்டம் ஒர்க்கிங் கேப்பிடல். வடித்ததை மரப் பீப்பாயில் வருடக்கணக்கில் தூங்க விட வேண்டும். அதுவரை செலவு மட்டும்தான், ஒரு பாட்டில்கூட விற்க முடியாது. வண்டி வண்டியாகப் பார்லி உள்ளே போகிறது, வெளியே ஒன்றும் வரவில்லை, உள்ளே பார்லி தின்னும் பூதம் இருக்கிறது என்று அக்கம்பக்கத்தார் பேசிக்கொண்டார்களாம். 1929இல் கடைசியாகச் சரக்கு வந்தது. ஸ்காட்லாந்தில் பீட் என்ற சதுப்பு மண்ணை எரித்த புகையில் பார்லியைக் காய வைப்பார்கள். அந்தப் புகை வாசம் விஸ்கியில் ஏறும். தகெத்சுரு நோட்டில் இருந்ததை அப்படியே செய்தார், புகை வாசம் உட்பட. ஜப்பானியர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு, தீய்ந்த நாற்றம் அடிக்கிறது என்று கீழே வைத்துவிட்டார்கள்.

யார் தப்பு? தகெத்சுருவின் ரசிகர்கள் டோரியை வெறும் வியாபாரி என்பார்கள். அது நியாயமில்லை. ஒப்பந்தம் முடிந்து தகெத்சுரு 1934இல் வெளியேறிய பிறகு, 1937இல் ஜப்பானிய நாக்குக்கு ஏற்ற மென்மையான ஒரு விஸ்கியை டோரி கொண்டுவந்தார். காகுபின் என்ற அந்தச் சதுர பாட்டில் பெரிய வெற்றி. ஒருவர் தொழிலைக் கற்றிருந்தார், இன்னொருவர் வாடிக்கையாளரைக் கற்றிருந்தார். இரண்டாவது பாடம் கிளாஸ்கோவில் கிடைக்காது.

ஆனால் தகெத்சுரு மாறவில்லை. ஆசைப்பட்ட ஹொக்காய்டோவுக்கே, யோய்ச்சி என்ற கடற்கரை ஊருக்குப் போனார். முதல் போட்டவர்களில் ஒருவர் ஷோதாரோ காகா என்ற பணக்காரர். ஸ்காட்லாந்துப் படிப்பைப் பார்த்து அவர் பணம் கொடுத்தார் என்று நினைத்தால் பாதிதான் சரி. அவர் மனைவி ரீட்டாவிடம் இங்கிலீஷ் படித்தவர். பழக்கம் அந்த வழியாகத்தான் வந்தது. விஸ்கி தயாராகும்வரை சாப்பாட்டுக்கு வழி? யோய்ச்சியில் ஆப்பிள் அதிகம். கம்பெனிக்கே 'பெரிய ஜப்பான் பழச்சாறு' என்றுதான் பெயர் வைத்தார். நிக்கா என்பது அந்த ஜப்பானியப் பெயரின் சுருக்கம். ஜூஸ் பெரிதாகப் போகவில்லை. முதல் விஸ்கி 1940இல் வந்தது.

அதற்குள் அடுத்த போர். யோய்ச்சி ஆலை ஜப்பானியக் கடற்படைக்குச் சரக்கு கொடுத்தது. அதே சமயம் ஆலை முதலாளியின் மனைவியைப் போலீஸ் கண்காணித்தது. ரேடியோ ஆன்டெனாவைக் காட்டி உளவு பார்க்கிறாள் என்று சந்தேகப்பட்டார்கள். இருபது வருடமாக ஜப்பானிய மொழி பேசி, ஜப்பானியச் சாப்பாடு சமைத்து, ஊறுகாய் போட்டுப் பழகியவர் அவர். தெருவில் அவருடைய மூக்கைத்தான் பார்த்தார்கள். கலாசாரப் பரிமாற்றம் என்று இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதன் செலவு யார் கணக்கில் எழுதப்பட்டது என்று பார்த்தால், இந்தக் கதையில் அது ரீட்டா கணக்கில்தான். அவர் 1961இல் யோய்ச்சியில் இறந்தார். இன்று அந்த ஊரில் ஒரு தெருவுக்கு அவர் பெயர். தகெத்சுரு 1979 வரை இருந்தார். 2008இல் யோய்ச்சியின் 20 வருட விஸ்கி ஒன்று உலகின் சிறந்த சிங்கிள் மால்ட் என்று பிரிட்டனில் பரிசு வாங்கியதை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

ஹேசல்பர்ன் ஆலை 1920களிலேயே மூடப்பட்டது. அவர் ஐந்து நாள் மட்டும் இருந்த லாங்மார்னில் கொப்பரைக்கு அடியில் நிலக்கரி எரிப்பதை 1990களில் நிறுத்திவிட்டார்கள். நீராவிதான் சுலபம், செலவும் குறைவு. யோய்ச்சியில் இன்னமும் ஆள் நின்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிலக்கரியை அள்ளிப் போடுகிறார்.