பன்னிரண்டாமவன்

மலருக்குக் கட்டுரை கேட்ட துறைத் தலைவர் அவர்கள், இம்முறையேனும் இலக்கணம் தவிர்த்து வேறு பொருள் பற்றி எழுதுமாறு பணித்தார்கள். இலக்கணக் கட்டுரையை மாணவர் எவரும் படிப்பதில்லை என்பது அவர்களுடைய கணிப்பு. அதை மறுக்க என்னிடம் சான்று ஏதும் இல்லை. ஆகவே, இவ்வாண்டு என் உள்ளத்தை மிகுதியும் அலைக்கழித்த சிக்கல் ஒன்றையே எழுதத் துணிந்தேன். நம் துறையின் கிரிக்கெட் அணிக்கு அடுத்த விக்கெட் கீப்பர் யார் என்பதே அது.

சிறிய செய்தி என்று நகைப்போர் நகைக்கலாம். மட்டையாளர் அறுவர் ஆடும் அணியில் புதியவர் ஒருவரைப் பின்வரிசையில் இறக்கிச் சோதித்துப் பார்க்க இடமுண்டு. பந்து வீசுவோரிலும் அவ்வாறே. விக்கெட் கீப்பர் இடமோ ஒன்றே ஒன்று. அவ்விடத்தில் ஒருவர் நிற்கும்வரை மற்றவர் எல்லைக் கோட்டுக்கு வெளியே தண்ணீர்ப் போத்தலுடன் அமர்ந்திருக்க வேண்டியதுதான். அமர்ந்திருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

2004-ஆம் ஆண்டு. ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காகச் சிதம்பரத்தில் தங்கியிருந்தேன். நண்பர்கள் தமக்குள் அமைத்திருந்த அணியில் எனக்கு மாற்று விக்கெட் கீப்பர் என்ற பதவி. இரண்டு மாதங்கள் தண்ணீர் சுமந்தேன். மூன்றாம் மாதத்தில் முதல் கீப்பரின் விரல் பிசகியது. கையுறைகள் என்னிடம் வந்தன. என்னைத் தாண்டிச் சென்ற பந்துகளால் மட்டும் எதிரணிக்கு 19 ஓட்டங்கள். கைக்கு வந்த இரண்டு பந்துகளையும் நழுவவிட்டேன். “இதற்காகவா உன்னை வைத்திருந்தோம்?” என்று அணித் தலைவர் கேட்டார். அவர் கேட்டது முறையே. எனினும், அணியிடம் இருந்தது ஒரே ஓர் இணைக் கையுறை என்பதையும், அந்த இரண்டு மாதங்களில் ஒரு நாளேனும் அது என் கையில் ஏறியதில்லை என்பதையும் அவர் எண்ணிப் பார்க்கவில்லை. எனக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை.

அவ்வாண்டு நவம்பரில்தான் சென்னையைச் சேர்ந்த தினேஷ் கார்த்திக் தம் 19-ஆம் வயதில் மும்பையில் டெஸ்ட் அரங்கில் நுழைந்தார். பத்து டெஸ்டுகள் ஆடினார். அடுத்த ஆண்டு டிசம்பரில் மகேந்திர சிங் தோனி அவ்விடத்தைப் பெற்றார். அதுவும் கார்த்திக்கின் சொந்த ஊரான சேப்பாக்கத்திலேயே! அதன்பின் கார்த்திக் தொடக்க மட்டையாளராகவும் நடுவரிசை மட்டையாளராகவும் தம்மை மாற்றி மாற்றி அமைத்துக் கொண்டார். 2018 மார்ச்சில் கொழும்பு இறுதியாட்டத்தில் 8 பந்துகளில் 29 ஓட்டங்கள் எடுத்து, கடைசிப் பந்தை ஆறாக்கி வென்றதை மாணவர் பலர் அறிவர். அந்த எட்டுப் பந்துகளுக்குப் பின்னால் இருந்த காத்திருப்பையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இதற்கும் முந்திய கதை ஒன்றுண்டு. சென்னையில் பிறந்து கர்நாடகத்திற்கு ஆடிய சையது கிர்மானி, 1971-இலும் 1974-இலும் பரூக் எஞ்சினியருக்கு மாற்றாக இங்கிலாந்து சென்று, டெஸ்ட் எதிலும் ஆடாமல் திரும்பினார். 1976 சனவரியில் ஆக்லாந்தில்தான் அவருக்கு வாய்ப்புக் கிட்டியது. அவரே நிலைபெற்றுவிட்ட பிறகு, 1979 இங்கிலாந்துப் பயணத்தில் அவரை நீக்கிவிட்டுத் தமிழ்நாட்டின் பரத் ரெட்டியை நான்கு டெஸ்டுகளிலும் ஆட வைத்தனர். அதே ஆண்டில் கிர்மானி திரும்பி வந்து, மும்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நூறு அடித்தார். அவர் ஆடிய டெஸ்டுகள் 88 ஆயின. ரெட்டிக்கு அந்த நான்கே. 1983 உலகக் கோப்பைக்குச் சென்ற பதினால்வரில் ஓர் ஆட்டத்திலும் இறங்காதவர் ஒருவர் உண்டு. அவர் தமிழ்நாட்டு அணிக்கும் ஆடியிருந்த சுனில் வால்சன். பரிசளிப்புப் படங்களில் அவரைத் தேடிப் பார்ப்பது என் வழக்கம்.

இவற்றை எண்ணிப் பார்க்கையில், மாற்று ஆள் என்பதும் வாரிசு என்பதும் ஒன்றல்ல எனத் தோன்றுகிறது. முன்னவர் நாளைய விபத்துக்கு வேண்டியவர். பின்னவர் நாளைய காலத்துக்கு வேண்டியவர். சென்னை சூப்பர் கிங்ஸ் அணியே இதில் தடுமாறியது. 2022-இல் போட்டி தொடங்க இரண்டு நாள்களே இருக்க, தலைமை ஜடேஜாவிடம் அளிக்கப்பட்டது. எட்டு ஆட்டங்களில் ஆறு தோல்வி. தலைமை மீண்டும் தோனியிடமே சென்றது. 2024-இல் ருதுராஜ் கெய்க்வாட் தலைவரானார். வாரிசு கிடைத்தார் என மகிழ்ந்த மறு ஆண்டே அவர் முழங்கையில் எலும்பு முறிவு. அப்போது தலைமை ஏற்றவர் 43 வயதுத் தோனி! வாரிசு இருந்தார், மாற்று ஆள் இல்லை. திருவள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். ஆளைத் தேர்வது வேறு, தேர்ந்தவரிடம் வேலையை ஒப்படைப்பது வேறு என்பதை வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். சேப்பாக்கத்தைப் பார்த்த பிறகே அதன் பொருள் எனக்கு விளங்கியது.

என் அத்தா குறள் படித்தவர் அல்லர். கடலூர் முதுநகரில் கயிறும் வலைச் சாமான்களும் விற்கும் சிறு கடை அவர்களுடையது. நல்ல உடல்நலத்துடன் இருந்த நாளிலேயே, வியாழன் மாலைதோறும் எங்களில் ஒருவரைக் கல்லாவில் அமர்த்திவிட்டு எதிரே உள்ள தேநீர்க் கடைக்குச் சென்று அமர்ந்து கொள்வார்கள். ஒருநாள் என் கணக்கில் நாற்பது ரூபாய் குறைந்தது. ஒன்றும் சொல்லாமல், அடுத்த முறையும் என்னையே அமர்த்தினார்கள். நான் தமிழ் படிக்கப் போனேன். தம்பி கடையை ஏற்றான். அத்தா மறைந்த பிறகும் கடை தடையின்றி நடந்து வருகிறது.

நம் துறை அணிக்கு வருகிறேன். இப்போதைய கீப்பர் மூன்றாம் ஆண்டு மாணவர். ஏப்ரலில் விடை பெறுவார். அடுத்த நிலையில் இருவர். இரண்டாம் ஆண்டு மாணவர் புவனகிரியைச் சேர்ந்தவர். கை வேகம் மிக்கவர். ஆனால் தொடக்க மட்டையாளராவதே அவர் விருப்பம். முதலாண்டு மாணவர் சிதம்பரத்திலிருந்து நாள்தோறும் தொடர்வண்டியில் வருபவர். இடப்புறம் நகர்வதில் தாமதம், ஆனால் எத்தனை பந்து வீசினாலும் முகம் சுளிக்காமல் குனிந்து எழுபவர். நாளையே விபத்து நேர்ந்தால் எனக்குப் புவனகிரியார் வேண்டும். ஏப்ரலுக்குப் பின்னர்ச் சிதம்பரத்தார் வேண்டும். பன்னிரண்டாம் இடமோ ஒன்று.

நெடிது எண்ணி, முதலாண்டு மாணவரைப் பன்னிரண்டாமவராக்கினேன். புவனகிரியாரை மட்டையாளராகவே பதினொருவருள் சேர்த்தேன். அவசரத்துக்கு அவர் கையுறை அணியலாம். அத்தோடு, மூன்று ஆட்டங்களுக்கு ஒன்றில் முதலாண்டு மாணவரே விக்கெட் காப்பார் என்றும் அறிவித்தேன். மூன்றாம் ஆண்டு மாணவர் அன்று மாலையே துறைக்கு வந்தார். “ஐயா, நான் ஏதும் பிழை செய்தேனா?” என்றார். அவருக்கு இது கடைசி ஆண்டு. ஓர் ஆட்டத்தை இழப்பதும் பேரிழப்பே. 2004-ஆம் ஆண்டுக் கதையை அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார், ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல முடியாது.

மஞ்சக்குப்பம் மைதானத்தில் நடந்த ஆட்டத்தில் முதலாண்டு மாணவர் இறங்கினார். நான்காம் ஓவரிலேயே எளிய பந்து ஒன்றை நழுவவிட்டார். நாங்கள் தோற்றோம். எனக்கு நெஞ்சு குறுகுறுத்தது. இடைவேளையில் தண்ணீர் கொண்டு சென்ற மூத்தவர், அவருடைய கைகளைப் பற்றியவாறு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். நடுவர் இருமுறை கூப்பிட வேண்டியதாயிற்று. “என்ன சொன்னீர் தம்பி?” என்று மாலையில் கேட்டேன்.

“ஒன்றும் சொல்லவில்லை ஐயா. கையுறை அவனுக்குப் பெரிது. விரல் நுனி வரை போகவில்லை. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.”

அளவிற் சிறியதாக இரண்டாவது இணைக் கையுறை ஒன்று வேண்டும் என மறுநாளே விண்ணப்பம் எழுதினேன். துறைத் தலைவர் அவர்கள் கையொப்பமிட்டுவிட்டார்கள். விண்ணப்பம் இப்போது அலுவலகத்தில் இருக்கிறது.