நிழலும் மணலும்

சுயம்வர மண்டபத்தில் தமயந்திக்கு ஏற்பட்ட சங்கடம் என் தொழிலில் தினமும் வருவது. ஒரே முகத்தோடு ஐந்து நளன்கள். அவர்களில் நால்வர் தேவர்கள். முகத்தை வைத்துத் தீர்மானிக்க வழியில்லை. நகல்கள் அவ்வளவு கச்சிதம். அவள் வேறு அடையாளங்களைப் பார்த்தாள். தேவர்களின் கண் இமைக்கவில்லை, உடல் வேர்க்கவில்லை, மாலை வாடவில்லை, கால் தரையில் பாவவில்லை, நிழல் விழவில்லை. மகாபாரதம் தரும் இந்தப் பட்டியலில் முதல் மூன்றும் உருவத்தைப் பற்றியவை. கடைசி இரண்டும் உருவத்துக்கும் அது நிற்கிற இடத்துக்கும் உள்ள உறவைப் பற்றியவை.

போட்டோவில் பிடித்த ஓர் இடத்துக்குள் கம்ப்யூட்டரில் செய்த பொருளைக் கொண்டுபோய் நிறுத்துவது என் ஜீவனம். என் நாட்கள் அந்தக் கடைசி இரண்டில்தான் கழிகின்றன.

பொருளை நுணுக்கமாகச் செய்துவிட்டால் போதும் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒரு தோணியின் மரரேகை, ஆணித்துரு, கயிற்றின் பிசிறு எல்லாவற்றையும் செய்து கடற்கரைப் போட்டோவின்மேல் வைத்துப் பாருங்கள். கத்தரித்து ஒட்டிய மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். அடிமரம் மணலைத் தொடும் இடத்தில் இருக்கவேண்டிய மெல்லிய இருட்டுக் கோடு இருக்காது. வெயிலில் காய்ந்த மணலின் வெளிச்சம் மேலெழும்பி மரத்தின் அடிப்பக்கத்தில் படிந்திருக்காது. கடல்காற்றின் ஈரம் தூரத்துக் கருப்புகளையெல்லாம் வெளிறடித்திருக்க, இதன் கருப்பு மட்டும் சுத்தக் கருப்பாக இருக்கும். நம் கவிதைகள் பலவற்றில் படிமங்கள் நிற்பதும் இப்படித்தான். தனித்தனியாகப் பளபளக்கின்றன, பக்கத்து வரியின்மேல் எதன் நிழலும் விழுவதில்லை.

இந்தப் பிரச்சினைக்கு 1998-ல் பால் டெபவெக் என்ற அமெரிக்கர் ஒரு தெளிவான வழி சொன்னார். பொருளை வைக்கப்போகும் இடத்தில் முதலில் கண்ணாடிபோல் பளபளக்கும் உருண்டை ஒன்றை வைத்துப் படம் பிடிக்கவேண்டும். சூரியனுக்கும் நிழலுக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் ஒரே படத்துக்குள் அடங்காது. ஆகவே வெளிச்ச அளவைக் கூட்டியும் குறைத்தும் பல படங்கள் எடுத்து ஒன்றாகச் சேர்க்கவேண்டும். அந்த இடத்துக்கு எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வெளிச்சம், என்ன நிறத்தில் வருகிறது என்பது இப்போது கைக்கு வந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் பொருளின்மேல் அந்த வெளிச்சத்தையே விழச்செய்யலாம்.

ஆலந்தலைக் கரையில் இப்படி ஓர் எஃகு உருண்டையை வைத்துப் படம் எடுத்திருக்கிறேன். முத்துக்குளிக்கப்போகும் தோணி ஒன்றை அந்தக் கரையில் நிறுத்திப் பார்க்க வேண்டுமென்று ஆசை. தூத்துக்குடிக் கடலில் சர்க்கார் நடத்திவந்த முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுவிட்டது. சுற்றி நின்ற பையன்களில் ஒருவன், ‘அண்ணே, இதென்ன முத்தா?’ என்றான். கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. காலை வெயில் கடல் பக்கமிருந்து வந்தது. உருண்டைக்குள் கடலும் வானமும் இருந்தன. கூடவே காமிராவுக்குப் பின்னால் இருந்த ஊரும் இருந்தது. சுண்ணாம்புச் சுவர்கள், ஃபைபர் படகுகளின் நீலம், குவித்துவைத்த வலையின் பச்சை, நான், அந்தப் பையன்கள். இவற்றில் எதுவும் கடைசிப் படத்தில் விழப்போவதில்லை. ஆனாலும் தோணியின்மேல் விழும் வெளிச்சத்தில் இவ்வளவு பேருக்கும் பங்குண்டு.

டெபவெக் சொன்னதில் இரண்டாவது பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பொருள் இருப்பதாக ஒரு முறை, இல்லாததாக ஒரு முறை, அது நிற்கும் தரையைக் கம்ப்யூட்டரில் இரண்டு தடவை வரையவேண்டும். முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்கவேண்டும். மிஞ்சுவது பொருள் அந்த இடத்துக்குச் செய்த மாற்றம் மட்டுமே: இங்கே இவ்வளவு வெளிச்சம் குறைந்தது, அங்கே இந்த நிறம் கூடியது. இந்த வித்தியாசத்தைப் போட்டோவோடு சேர்த்தால் பொருள் தரையில் நின்றுவிடும். ஓர் இடத்தில் ஒன்று இருக்கிறது என்றால் அந்த இடம் மாறியிருக்கவேண்டும் என்ற எளிய உண்மைதான் இதில் கணக்காகியிருக்கிறது.

சினிமாவில் இது வேறு சங்கதி. 2012-ல் வந்த ‘லைஃப் ஆஃப் பை’யில் படகிலிருக்கும் புலி பெரும்பாலான காட்சிகளில் கம்ப்யூட்டர் புலி. அதே வருஷம் வந்த ‘நான் ஈ’யின் ஈயும் அப்படித்தான். டிக்கெட் வாங்கியவன் ஏமாறச் சம்மதித்தே உள்ளே போகிறான். நம் பழைய ஸ்டூடியோக்களில் தாஜ்மஹால் எழுதிய சீன் துணிக்கு முன்னால் கல்யாண ஜோடிகள் நின்றபோதும் இந்தச் சம்மதம் இருந்தது. அவர்கள் ஆக்ராவுக்குப் போய்வந்ததாக யாரும் நம்பவில்லை. துணியின் மடிப்பே அதைச் சொல்லிவிட்டது.

கட்டப்போகிற ஒன்றுக்காகத் தயாராகும் படத்தில் இந்த மடிப்பு கிடையாது. கடற்கரையில் ஒரு கட்டடம், ஒரு துறைமுகம், ஒரு நினைவுச்சின்னம். வேலை தொடங்குவதற்கு முன்பே அது வெயில் காய்ந்தபடி நம் முன்னால் நிற்கிறது. மெரினா கடலுக்குள் 134 அடி உயரப் பேனாச் சின்னம் அமைப்பது பற்றி 2023 ஜனவரி 31-ல் சென்னையில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. அதற்கு முன்பே பேனாவின் படம் பத்திரிகைகளில் வந்துவிட்டிருந்தது. கூட்டத்தில் மீனவர்கள் பேசியது தொழிலையும் கடலையும் பற்றி. படத்தில் இல்லாததைப் பற்றி அவர்கள் பேசவேண்டியிருந்தது. நன்றாகப் பொருந்திவிட்ட படத்தை எதிர்த்துப் பேசுகிறவன், ஏற்கெனவே இருப்பதை இடிக்க வந்தவன் மாதிரி ஆகிவிடுகிறான்.

இப்படிப்பட்ட படங்களில் முதல் வேலை துடைப்பது. பொருளை வைப்பதற்கு முன் பின்னணியைச் சுத்தம் செய்துகொள்ளவேண்டும். கரையில் கிடக்கும் படகுகள், வலை, காயும் கருவாடு, குத்தவைத்திருக்கும் ஆட்கள் எல்லோரும் போகிறார்கள். பிறகு அவர்கள் நின்ற இடத்தில் பொருளின் நிழல் மிகச் சரியான கோணத்தில் விழுகிறது.

ஒரு கரைக்குக் கற்சுவர் கட்டுவதற்காகத் தயாரித்த அச்சுப் படம் ஒன்றை ஆலந்தலையில் என் சித்தப்பாவிடம் காட்டினேன். என் கைவேலை அல்ல. தேர்ந்தவர் யாரோ செய்தது. ஈரக் கல்லில் வானத்தின் பிரதிபலிப்புகூட இருந்தது. அவர் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: ‘எல்லாம் சரிதாம்ல. இந்தக் கல்லப் போட்டா மண்ணு எந்தப் பக்கம் சேரும், எந்தப் பக்கம் அரிக்கும்? அதக் காணலியே.’ நீரோட்டத்துக்கு எங்கள் பக்கம் நீவாடு என்று பெயர். அது மணலைச் சுமந்துகொண்டு கரையோரமாக நடக்கிறது. குறுக்கே கல் வந்தால் ஒரு பக்கம் மணலை இறக்கிவைக்கும். மறுபக்கம் வெறுங்கையோடு போய்க் கரையை எடுத்துக்கொள்ளும். அவர் கல்லுக்கு விரோதியல்ல. தூண்டில் வளைவு வேண்டுமென்று கேட்கும் ஊர்கள் இந்தக் கரையில் உண்டு. அவர் கேட்டது கல்லின் இன்னொரு நிழலைப் பற்றி. அது அடுத்த ஊரின்மேல் விழுகிறது. விழுந்து முடியப் பல வருஷங்கள் ஆகின்றன.

சென்னையில் அந்த நிழலைக் கண்ணாலேயே பார்க்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கிலிருந்து வந்த மணல் அங்கே தடைபட்டுச் சேர்ந்தது. நாம் சுண்டல் தின்னும் மெரினாவின் அகலம் அப்படி வந்ததுதான். வடக்கே ராயபுரத்துக்கு அப்பால் கடல் குப்பங்களின் நிலத்தைத் தின்றது. அங்கே கரையென்று இன்று இருப்பது கொட்டிவைத்த பாறைகள். ஒரே சுவர் ஒரு பக்கம் உலாவும் இடத்தையும் இன்னொரு பக்கம் வீடிழந்தவர்களையும் உண்டாக்கியிருக்கிறது. அந்தச் சுவரை இன்று புதிதாகக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். அதற்குத் தயாராகும் படத்தில் வெயிலின் நிழல் பிசகில்லாமல் இருக்கும். மணலின் நிழல் இருக்காது.

கணக்குப் போட முடியாது என்பதல்ல. மணலின் ஓட்டத்தைக் கணக்கிடும் பொறியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அறிக்கைகளில் எண்கள் இருக்கின்றன. எண்கள் அறிக்கையின் பின்பக்கங்களில் கிடக்கின்றன. படம் முன்அட்டையில் இருக்கிறது. அட்டையைப் பார்த்தவர்கள் சம்மதித்துவிடுகிறார்கள்.

கழித்தல் செய்யும்போது இடையில் ஒரு படம் கிடைக்கும். அதில் கட்டடமும் இருக்காது, கடலும் இருக்காது. கருப்பு வெளியில் மாறியவை மட்டும் மங்கலாகத் தெரியும். வேலை முடிந்ததும் அதை அழித்துவிடுவது வழக்கம். கரையில் எழப்போகும் எதற்கும் அப்படி ஒரு படத்தை முழுசாகப் போடலாம். எங்கே மணல் ஏறும், எங்கே இறங்கும், எந்த ஊரில் இனி படகை ஏற்றிவைக்க இடமிருக்காது என்பதையெல்லாம் அதில் காட்டலாம். என்னிடம் வேலை கொடுக்க வருகிறவர்கள் நிழல் இன்னும் கொஞ்சம் மென்மையாக இருக்கட்டும் என்கிறார்கள், வானம் இன்னும் நீலமாக இருக்கட்டும் என்கிறார்கள். இந்தப் படத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை.