ஹம் இல்லாத செட்

வால்வு மைக் செட் சுவிட்சைப் போட்டதும் பாடாது. கண்ணாடிக்குள் இழை சிவந்து சூடேற அரை நிமிடம் ஆகும். சூடேறிய பிறகும், மைக்கில் யாரும் பேசாதவரை ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்கக் கூடாது. ராயபுரத்தில் நான் வேலை பழகிய கடையில் அதுதான் சட்டம். ஊரைவிட்டு வந்து எத்தனையோ வருடமாகியும் மனசு அந்தக் கடை மேஜையைத்தான் தேடுகிறது.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை மைக் செட்காரர்கள் எங்களிடம் வருவார்கள். திருவொற்றியூர் மாசித் திருவிழா, ராயப்பர் கோயில் திருநாள், கம்பெனி வாசலில் சங்கக் கூட்டம் என்று செட்டுக்கு ஓய்வே இருக்காது. பெங்களூர் பெல் கம்பெனி வால்வுகள்தான் பெரும்பாலும் போடுவோம். பழைய சாமானுக்கு மூர் மார்க்கெட். 1985-ல் அது எரிந்த பிறகு ரிச்சி தெரு.

கரண்டால் செட்டில் எழும் முனகலைத்தான் ஹம் என்போம். அதை விரட்டுவதில், எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணனுக்கு நிகர் அண்ணன்தான். செட்டின் அடித்தகடான சேசிஸில் ஓட்டை போடுவதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுவார். பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அதை மேஜைமேல் மெல்லத் திருப்புவார். ஒரு கோணத்தில் இரைச்சல் அடங்கும். அங்கே பென்சிலால் கோடு போட்ட பிறகுதான் டிரில்லிங். வால்வின் இழையான ஹீட்டருக்குப் போகும் 6.3 வோல்ட் ஒயர் இரண்டையும் ஜடைபோல இறுக முறுக்கி, சேசிஸ் மூலையோடு ஓட்டச் சொல்வார். ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிடும். ஈசிசி 83 வால்வு நூறு மடங்கு வரை பெருக்கக்கூடியது. பக்கத்தில் ஒயர் தாறுமாறாகக் கிடந்தால் அந்த ஹம்மையும் சேர்த்தே பெருக்கும்.

காதாலேயே நோயைச் சொல்வார். அடித்தொண்டையில் முனகினால் 50 ஹெர்ட்ஸ்: ஹீட்டர் ஒயரைப் பார். கொஞ்சம் மேல் சுருதியில் கொர்ரென்றால் 100 ஹெர்ட்ஸ்: ஃபில்டர் கன்டென்சர் காய்ந்துவிட்டது.

"டேய் தம்பி, சத்தம் யாரு வேணா வர வெப்பான். அத்த நிறுத்திக் காட்டு பாக்கலாம்" என்பார்.

நிறுத்தினால் மட்டும் போதாது. செட் ஊளையிடவும் கூடாது. ஈஎல் 34 வால்வின் கிரிட் ரெசிஸ்டன்ஸை பேஸ் காலை ஒட்டியே ஈயம் வைக்க வேண்டும். ஓர் அங்குலம் தள்ளினாலும் பிரித்து மறுபடி செய்யச் சொல்வார். உப்புக் காற்றில் பேஸ் பச்சை பிடிக்கும் ஊர் அது. மாதம் ஒருமுறை வால்வைக் கழற்றிக் காலைத் துடைக்காவிட்டால் படபடவென்று பொரியும்.

பிறகு டிரான்சிஸ்டர் செட் வந்தது. எடை குறைவு, சூடு குறைவு, விலையும் குறைவு. அது ஜெயித்ததில் எனக்கு வருத்தமில்லை. அந்தக் காதும் கையும் அடுத்தவர்க்குப் போகாமல் நின்றதுதான் வருத்தம்.

உங்கள் வீட்டுப் பரணில் வால்வு செட் இருந்தால் காயலான் கடையில் போடாதீர்கள். எடுத்தவுடன் கரண்டில் சொருகவும் வேண்டாம். கப்ளிங் கன்டென்சர் கசிந்தால் வால்வு பிளேட் பழுத்துக் கருகிவிடும். உள்ளே 400 வோல்ட்கூட நிற்கும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து முதலில் கன்டென்சர்களை மாற்றுங்கள். அவர் வேலை செய்யும்போது உங்கள் வீட்டுப் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.