முத்திறப் போட்டியில் ஒரு முதல் அனுபவம்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவி)

ஓடத் தெரிந்தவர் நம்மிடையே பலர். மிதிவண்டி ஓட்டத் தெரிந்தவர் அவரினும் பலர். நீந்தத் தெரிந்தவரோ மிகச் சிலரே. இம்மூன்றையும் இடையில் ஓய்வின்றி ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிக்க வேண்டும் என்று ஒரு போட்டி இருக்குமானால், அங்கே நம் போன்ற அரசு கலைக் கல்லூரி மாணவியருக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சென்ற பிப்ரவரித் திங்களில் அத்தகைய போட்டி ஒன்றைத் தொடங்கி முடித்தும் விட்டேன். அந்த அனுபவத்தை நம் ஆண்டு மலர் வாயிலாகத் தோழியரோடும் தோழர்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

இதற்கு ஆங்கிலத்தில் டிரையத்லான் என்று பெயர். 'மூன்று' என்றும் 'போட்டி' என்றும் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்தது. தமிழில் 'முத்திறப் போட்டி' என்று நானே ஒரு பெயர் வைத்துக்கொண்டேன். தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் பொறுத்தருள்வார்களாக!

போட்டியின் வரலாறு

பெயர்தான் கிரேக்கம், விளையாட்டோ வயதில் இளையது. 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், மிஷன் பே என்னும் உப்பங்கழிக் கரையில், ஓட்டப் பயிற்சிக் கழகம் ஒன்று இந்தப் பெயரில் முதல் போட்டியை நடத்தியது. அதில் கலந்துகொண்டவர் 46 பேர். நீச்சல்காரன் வலியவனா, ஓட்டக்காரன் வலியவனா, மிதிவண்டிக்காரன் வலியவனா என்று ஹவாய்த் தீவுகளில் எழுந்த வாதத்தைத் தீர்க்க, ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் அவர் துணைவியார் ஜூடியும் மூன்றையும் ஒன்றாக்கிப் பார்ப்போம் என்றனர். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, அதன்பின் 42.195 கிலோமீட்டர் ஓட்டம்! 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தனர். மறு ஆண்டிலேயே லின் லெமேர் என்ற பெண்மணி ஒருவர் ஆடவரோடு இறங்கி, மொத்தத்தில் ஐந்தாவதாக வந்தார்.

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இந்தப் போட்டி முதன்முறையாக இடம் பெற்றது. செப்டம்பர் 16இல் பெண்கள் போட்டியும் அடுத்த நாள் ஆண்கள் போட்டியும் நடந்தன. அதாவது, ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டைத் தொடங்கி வைத்தவர்கள் பெண்களே! அன்று பொன் பெற்றவர் சுவிட்சர்லாந்தின் பிரிஜிட் மக்மகோன். வரலாற்று மாணவி என்ற முறையில் இந்தச் செய்தியை நான் இருமுறை படித்தேன். வீட்டில் வாதாடும்போது இது பயன்படும் என்று நினைத்தேன். பயன்படவில்லை, பயன்பட்டது வேறொன்று.

ஒலிம்பிக் அளவு 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் மிதிவண்டி, 10 கிலோமீட்டர் ஓட்டம். இதில் சரிபாதி 'ஸ்பிரின்ட்' அளவு எனப்படும்: 750 மீட்டர், 20 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர். தொடக்க நிலையினர் பெரும்பாலும் இதில்தான் சேர்வர். நான் சேர்ந்ததும் இதில்தான்.

நீர்

நான் கல்லூரி அணியில் ஐயாயிரம் மீட்டர் ஓடுபவள். கும்பகோணத்தை அடுத்த எங்கள் ஊரிலிருந்து நாள்தோறும் மிதிவண்டியில் கல்லூரிக்கு வருபவள். இதைக் கண்ட உடற்கல்வி இயக்குநர் அவர்கள் ஒரு நாள், "ஓடுறே, சைக்கிள் மிதிக்கிறே. நீச்சல் ஒண்ணுதாம்மா பாக்கி" என்றார். அந்தப் பாக்கி எவ்வளவு பெரிது என்பது அவருக்குத் தெரியாது.

என் தாய்மாமன் கொள்ளிடத்தில் போனவர். நான் பிறக்கும் முன்பே நடந்தது அது. மணல் அள்ளிய பள்ளத்தில் கால் வைத்தவர் மேலே வரவில்லை. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. அன்றிலிருந்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்றால் எங்கள் வீட்டில் வாசற்கதவு அடைபடும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கப்படும்போது ஊரே மகிழும். என் அம்மா மட்டும் மகிழ மாட்டார். ஆடிப்பெருக்கன்றுகூட எங்களுக்குப் படித்துறையின் மேற்படிதான்.

நீச்சல் என்ற சொல்லை எடுத்ததும் அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "இன்னொண்ணையும் ஆத்துக்குக் குடுக்கச் சொல்றியா?" என்று கேட்டார். எனக்கு மறுமொழி இல்லை. ஒலிம்பிக் வரலாறெல்லாம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

திண்ணையிலிருந்த அம்மாச்சிதான் வாய் திறந்தார். பெற்ற மகனைப் பறிகொடுத்தவர் அவர். "ஆத்துக்குப் போகாதே போகாதேன்னு அவனுக்குச் சொன்னோமே தவிர, நீந்தக் கத்துக்கடான்னு யாருடி சொன்னோம்? இவளுக்காவது சொல்லுவோம்" என்றார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றிரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை, அட்டாலியிலிருந்து இரண்டு காய்ந்த சுரைக்குடுக்கைகளை எடுத்து என்முன் வைத்தவர் அம்மாதான். ஒன்றும் பேசவில்லை.

அம்மாச்சி சிறுமியாக இருந்தபோது ஊர்க் குளத்தில் அக்கரைக்கும் இக்கரைக்கும் நீந்தியவராம். வாய்க்கால் வழியே குளம் நிரம்பியதும் பாடம் தொடங்கியது. அவர் இடுப்பளவு நீரில் படியில் நிற்பார். நான் குடுக்கைகளை மார்பில் கட்டிக்கொண்டு காலடிக்க வேண்டும். "தண்ணி ஒன்னைத் தூக்கத்தாண்டி பாக்குது. நீ அதோட சண்டை போடாதே" என்பதே அவர் பாடம் முழுவதும். பின்னாளில் நீச்சல் குளத்துப் பயிற்சியாளர் உடல் மிதப்பைப் பற்றியும், மூச்சை நீருக்குள் சீராக விட வேண்டியதைப் பற்றியும் விளக்கியபோது, இதைத்தான் அம்மாச்சி சொன்னார் என்று புரிந்தது. பத்து நாளில் ஒரு குடுக்கை போயிற்று. மாதம் முடிவதற்குள் மற்றதும் போயிற்று.

குளத்து நீச்சல் போட்டிக்குப் போதாது. ஆகவே சனிக்கிழமை தோறும் காலை ரயிலில் தஞ்சாவூர் சென்று நீச்சல் குளத்தில் முறையான பயிற்சி பெற்றேன். முழுக்கை வைத்து முழங்கால் வரை மறைக்கும் நீச்சலுடை கிடைத்ததால் உடை பற்றிய பேச்சும் வீட்டில் எழவில்லை. முதல் நாள் 25 மீட்டர் நீந்தியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு இரைத்தேன். 750 மீட்டருக்கு அப்படி முப்பது முறை போக வேண்டும்! தீபாவளிக்குள் நான்கு முறை நில்லாமல் சென்றேன். மார்கழியில் முப்பதும் முடிந்தது. வலிமை கூடியது சிறிதே. பதற்றம் குறைந்ததே பெரிது. பதறுபவர் மூச்சை அடக்குவார். மூச்சை அடக்குபவர் விரைவில் களைப்பார்.

சக்கரமும் நிலமும்

என் மிதிவண்டி பதினோராம் வகுப்பில் அரசு விலையின்றி வழங்கியது. கியர் கிடையாது, கனம் அதிகம். எங்கள் தெருவின் சைக்கிள் கடை அண்ணன், கூடை, கேரியர், மட்கார்டு எல்லாவற்றையும் கழற்றினார். பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்து, இரு சக்கரங்களுக்கும் கோட்டம் எடுத்து, "இதுக்கு மேல இது எளைக்காது தங்கச்சி" என்றார். கூலி வாங்க மறுத்துவிட்டார். வாரம் மூன்று நாள் விடியற்காலையில் பாபநாசம் சாலையில் சென்று திரும்புவேன்.

இந்த விளையாட்டின் மறைபொருள், மூன்று திறன்களுக்கும் இடையே உள்ள இரு மாற்றங்களில் இருக்கிறது. மிதிவண்டியிலிருந்து இறங்கி உடனே ஓடிப் பாருங்கள்! கால்கள் நம்முடையனவாகவே இரா. ஒரு மணி நேரமாக வட்டமாகச் சுழன்று பழகிய தசைகளை உடனே வேறு முறையில் இயங்கச் சொல்வதால் வரும் தடுமாற்றம் அது. பழக்கத்தால்தான் குறையும். இதற்கெனவே மிதித்து முடித்தவுடன் ஓடும் பயிற்சி உண்டு, 'பிரிக்' என்பர். நான் கல்லூரி மைதானத்து வேப்பமரத்தில் வண்டியைச் சாய்த்துவிட்டு அப்படியே இரண்டு கிலோமீட்டர் ஓடுவேன். முதல் சில நாள் நான் ஓடிய அழகைக் கண்டு விடுதி மாணவியர் சிரித்தனர். மூன்றாம் வாரம் அவர்களில் இருவர் கூட ஓட வந்தனர்.

உணவுக்கென்று தனியே செலவு செய்யவில்லை. காலையில் நீராகாரமும் உப்பும், பயிற்சி முடிந்ததும் கேழ்வரகுக் கூழ், மாலையில் அவித்த நிலக்கடலை. வியர்வையில் நீரோடு உப்பும் போகிறது. இரண்டையும் திருப்பித் தர வேண்டும் என்பதே அடிப்படை. நுழைவுக் கட்டணம்தான் பெருந்தொகை. அதில் பாதியை எங்கள் துறை ஆசிரியப் பெருமக்கள் அளித்தனர். அவர்களுக்கு என் நன்றி என்றும் உரியது.

போட்டி நாள்

போட்டி சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் நடந்தது. அம்மா உடன் வந்தார். "வர்றேன்" என்று அவரே சொன்னபோது நான் வியப்படைந்தேன். கடலை அவர் அதற்கு முன் ஒரே ஒரு முறை, வேளாங்கண்ணியில்தான் பார்த்திருக்கிறார்.

காலை ஆறரை மணிக்கு நீரில் இறங்கினோம். பெண்கள் அனைவருக்கும் ஒரே நிறத் தொப்பி. கரையிலிருந்து பார்த்தால் தன் மகள் யாரென்று ஒரு தாய்க்குத் தெரியாது. கடல் நீர் ஆற்று நீரைவிடச் சற்று அடர்த்தி மிகுந்தது. ஆகவே உடல் எளிதாக மிதக்கும். ஆனால் குளத்தைப் போல் அடியில் கோடு இல்லை. சில வீச்சுக்கு ஒருமுறை தலை உயர்த்தி மிதவைக் குறியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் குறியைத் தாண்டியதும் அலை ஒன்று முகத்தில் அறைந்தது. ஒரு கணம் மாமாவின் நினைவு வந்தது. களைத்தவர்கள் காவல் படகைப் பற்றிக்கொண்டு இளைப்பாறலாம். படகு முன்னேறக் கூடாது என்பது மட்டுமே விதி. நான் பற்றிக்கொண்டு பத்து மூச்சு எண்ணினேன். சண்டை போடாதே என்ற சொல்லை நினைத்துக்கொண்டேன். பிறகு கையை விட்டு நீந்தினேன்.

24 நிமிடத்தில் கரையேறினேன். கயிற்றுக்கு அப்பால் நின்ற அம்மா, "தலையைத் துவட்டிக்கிட்டுப் போடி" என்று துண்டை நீட்டினார். வெளியார் உதவி பெறக்கூடாது என்பது போட்டியின் விதி. வேண்டாம் என்று கையசைத்துவிட்டு ஓடினேன். அவர் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. அந்தத் துண்டு ஏற்கெனவே நனைந்திருந்தது என்று பிறகு உடன் வந்த தோழி சொன்னாள்.

மாற்றுமிடத்தில் முதலில் தலைக்கவசம் அணிந்து வாரைப் பூட்டிய பின்னரே வண்டியைத் தொட வேண்டும். என் வண்டியின் இருபுறமும் இலட்ச ரூபாய் வண்டிகள் நின்றன. சாலையில் அவை விர்ரென்று என்னைக் கடந்தன. கடற்காற்று பக்கவாட்டில் தள்ளியது. பன்னிரண்டாவது கிலோமீட்டரில் சங்கிலி கழன்றது. இறங்கி மாட்டிக்கொண்டு, கறுத்த கைகளோடு தொடர்ந்தேன். 20 கிலோமீட்டருக்கு 58 நிமிடம் ஆயிற்று. பின் 5 கிலோமீட்டர் ஓட்டம் 36 நிமிடம். இரு மாற்றங்களுக்கும் ஆன ஆறு நிமிடத்தையும் சேர்த்து மொத்தம் 2 மணி 4 நிமிடம். எனக்குப் பின் வந்தவர் சிலரே. ஆனால் முடித்தவர் பட்டியலில் என் பெயரும் இருந்தது.

அம்மாச்சிக்குத் தொலைபேசியில், "முடிச்சிட்டேன் அம்மாச்சி" என்றேன். "கரை ஏறிட்டியாடி?" என்று மட்டும் கேட்டார். "ஏறிட்டேன்" என்றேன். வண்டி மிதித்ததையும் ஓடியதையும் அவர் கேட்கவே இல்லை.

இதனால் அறிவது

பதக்கம் பெறாத ஒருத்தி எழுதுவதற்கு இவ்வளவு உண்டா என்று சிலர் கேட்கலாம். நான் சொல்ல விரும்புவது ஒன்றே. காவிரி, அரசலாறு, கொள்ளிடம் என்று மூன்று ஆறுகள் சூழ வாழும் நாம், நீரை வணங்குகிறோம், அஞ்சுகிறோம், நீந்த மட்டும் கற்பதில்லை. ஆண்டுதோறும் விடுமுறை நாட்களில் ஆற்றில் போகும் இளைஞர்களைப் பற்றிய செய்திகளைப் படித்துப் பெருமூச்சு விட்டு நாளிதழை மடித்து வைக்கிறோம். அச்சம் நம்மைக் கரையில் நிறுத்தும். தவறி விழுந்தவரைக் கரை சேர்க்காது.

நீந்தக் கற்பவர் எவரும் தனியே நீரில் இறங்க வேண்டாம். வெள்ளம் ஓடும் நாளிலும், மணல் அள்ளிய இடத்திலும் இறங்கவே வேண்டாம். தெரிந்தவர் ஒருவரைக் கரையில் வைத்துக்கொண்டு, நிற்கும் ஆழத்தில் தொடங்குங்கள். முத்திறப் போட்டிக்குப் போவது உங்கள் விருப்பம்.

என் தம்பிக்கு இப்போது வயது பன்னிரண்டு. சென்ற மாதம் அம்மா அந்தச் சுரைக்குடுக்கைகளை எடுத்து அவன் மார்பில் தம் கையாலேயே கட்டிவிட்டார். கல்லூரியிலும் எங்களோடு ஓடுவோர் இப்போது ஒன்பது பேர். அவர்களில் நால்வர் சனிக்கிழமை ரயிலுக்கும் வருகிறார்கள். முதலாண்டு மாணவியரே, திங்களும் புதனும் காலை ஆறு மணிக்கு மைதானத்து வேப்பமரத்தடிக்கு வாருங்கள். மிதிவண்டி எதுவாக இருந்தாலும் சரி.